குழந்தைகள் நூலுக்கு வெளியீட்டு விழா: தேதி குறிப்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

என் முதல் சிறார் கதைநூல் வெளியான அன்று மேடையில் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். கீழே அறுபது குழந்தைகள். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, ஐந்து வாழ்த்துரைகள், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை என்று இரண்டேகால் மணி நேரம் ஓடியது. நூலின் முதல் பிரதியைப் பிரித்துக் காட்டிய நேரத்தில் பாதிப் பிள்ளைகள் படிக்கட்டில் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சற்று முன்னால் ஒரு சிறுமி மேடையோரம் வந்து, “ஆன்ட்டி, புக்கை எப்பக் காட்டுவீங்க?” என்று என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கேள்வி இரண்டு வருடம் என்னை விடவில்லை.

அடுத்த நூலுக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். பாதிச் செலவில், ஒன்றரை மணி நேரத்தில் விழா முடிந்தது. பிள்ளைகள் நூலைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்குப் போனார்கள். இந்த இரண்டு விழாக்களிலும் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர ஊரில், சொந்தச் செலவிலோ சிறு பதிப்பகம் வழியாகவோ நூல் கொண்டுவந்து, 50 முதல் 100 பேரைக் கூட்டி விழா நடத்த நினைப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. நூல் வீட்டுக்கு வந்த பிறகுதான் தேதி

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. “பத்து நாளில் தந்துவிடுவோம்” என்று அச்சகம் சொன்னதும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறோம். எனக்குப் பத்து நாள் இருபத்து மூன்று நாளாக நீண்டது. விழா நாள் காலையில்தான் பார்சல் லாரி அலுவலகத்திலிருந்து பண்டலை எடுத்து வந்தோம். பிரித்தால், மை காய்வதற்குள் கட்டியிருந்ததால் நாற்பது பிரதிகளில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வந்திருந்த ஆசிரியை ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

சிவகாசியில் அச்சிடுகிறீர்கள் என்றால் பருவம் பார்த்துக் கொடுங்கள். ஆடி தொடங்கி டிசம்பர் வரை நாட்காட்டி வேலை இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி நோட்டுப் புத்தகம். சென்னையில் அச்சிட்டால், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருவதால் டிசம்பர் முழுவதும் எல்லாப் பதிப்பகங்களும் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் ஐந்நூறு பிரதி கேட்கும் நம்முடைய சிறிய வேலை ஓரமாகத்தான் போகும். நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு: கடைசி புரூஃப் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து முப்பது நாள் அச்சுக்கு, அதன் மேல் பத்து நாள் அச்சில் வந்த குறைகளைச் சரிசெய்ய. நாற்பதாவது நாளுக்குப் பிறகு வருகிற ஞாயிறுதான் விழா.

பண்டல் வந்த அன்றே பத்துப் பிரதிகளை வெவ்வேறு கட்டுகளிலிருந்து உருவிப் பாருங்கள். பக்க வரிசை சரியா? நடுப்பக்கத்தில் தாள்களைச் சேர்த்து அடித்த சென்டர் பின்னின் முனை உள்பக்கமாக நன்றாக மடங்கியிருக்கிறதா? சின்ன விரல்கள் தடவும் இடம் அது. விலை அச்சாகியிருக்கிறதா? பின்னட்டையில் உள்ள பார்கோடு கைபேசியில் ஸ்கேன் ஆகிறதா? பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் ‘கொ’, ‘கோ’, ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகள் உடைந்திருக்கும். புரூஃப் பார்க்கும்போதே அவற்றைத் தனியாகத் தேடிப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையின் கையில் உடைந்த எழுத்தைக் கொடுக்கக் கூடாது.

2. காகித வேலைகள்

விழாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். விழா மேசைக்கு வருகிற நூலகரும் பள்ளித் தாளாளரும் நூலைத் திருப்பிப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வியே “ஐ.எஸ்.பி.என். இருக்கா?” என்பதுதான்.

ஐ.எஸ்.பி.என். என்பது ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாளமாகத் தரப்படுகிற பன்னாட்டு எண். இந்தியாவில் இந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. கட்டணம் கிடையாது. சொந்தமாக நூல் வெளியிடுகிற தனி எழுத்தாளரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். “நாங்கள் வாங்கித் தருகிறோம்” என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, நூலின் தலைப்புப் பக்கம், அட்டை வடிவம் ஆகியவற்றை முன்கூட்டியே ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். விண்ணப்பத்தில் கொடுத்த தலைப்பும் அட்டையில் உள்ள தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எனக்கு எண் வர மூன்று வாரம் ஆனது. அதனால் ஓவியங்கள் பாதி முடிந்திருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்தது ஓவியருடன் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம். நண்பராக இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடத்தைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். நூலுக்குள் இருக்கும் ஓவியத்தை விழாப் பதாகையிலும், புத்தகக் குறியிலும், முகமூடியிலும் பயன்படுத்துவோம் என்பதை அதே தாளில் எழுதிவிடுங்கள். எவ்வளவு தொகை, எப்போது என்பதையும் எழுதுங்கள். படக்கதையில் பாதி உழைப்பு ஓவியருடையது. அவருக்குச் சேர வேண்டியது விழாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வரி. அச்சிட்ட நூலை விற்க வரி இல்லை. ஆனால் அச்சகம் உங்களுக்குப் போடுகிற பில்லில் வரி வரும். “வரி சேர்த்தா, சேர்க்காமலா?” என்று விலை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. நாளும் நேரமும்

நவம்பர் 14 குழந்தைகள் நாள், ஏப்ரல் 2 உலகச் சிறார் நூல் நாள். இரண்டும் கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் நவம்பர் 14 அன்று பிள்ளைகள் பள்ளி விழாவில் இருப்பார்கள், அதோடு வடகிழக்குப் பருவமழைக் காலம். ஏப்ரல் தொடக்கத்தில் ஆண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. இவற்றைக் கழித்துவிட்டால் ஜூலை, ஆகஸ்ட், ஜனவரி கடைசி, பிப்ரவரி ஆகியவைதான் நிம்மதியான மாதங்கள். என் அனுபவத்தில் ஜூலை மிக நல்லது. பள்ளி திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், தேர்வு பயம் இருக்காது.

கிழமை ஞாயிறு. நேரம் காலை பத்தரை. ஞாயிறு மாலை நான்கரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். “நல்ல காரியத்தை ராகு காலத்துல ஆரம்பிக்கிறாங்களே” என்ற சங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். சனிக்கிழமை என்றால் காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், பல பள்ளிகளில் சிறப்பு வகுப்பும் இருக்கும். ஞாயிறு காலை பத்தரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடித்தால் வெயில் ஏறினாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். மதியச் சாப்பாடு போடுகிற செலவும் உங்களுக்கு மிச்சம்.

4. இடம்

கல்யாண மண்டபம் வேண்டாம். மேடை உயரமாக இருக்கும், எதிரொலி கேட்கும், வாடகை கட்டுப்படியாகாது. முதல் விழாவுக்கு நான் கட்டிய 12,000 ரூபாயில் பெரும்பகுதி, நாங்கள் தொடவே தொடாத சமையலறைக்கும் மணமகள் அறைக்கும் போனது.

முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கோ மாவட்ட மைய நூலகத்துக்கோ போய்ப் பாருங்கள். பெரும்பாலான நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. நூலகரிடம் நேராக “ஹால் கிடைக்குமா?” என்று கேட்பதைவிட, வாசகர் வட்டத் தலைவரைப் பார்த்து “வட்டத்தின் சார்பில் ஒரு கதை நேரம் நடத்தலாமா? அதிலேயே நூலையும் வெளியிடுகிறேன்” என்று கேளுங்கள். நூலகத்துக்கும் ஒரு நிகழ்ச்சி கிடைக்கும், உங்களுக்கும் இடம் கிடைக்கும். கடிதம் இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். உள்ளே விற்பனை செய்யலாமா என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இடம் கொடுத்துவிட்டு, விற்பனைக்கு மட்டும் அனுமதி இல்லை என்று அன்றைக்குச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதிகள் இருக்கின்றன. அங்கே நிகழ்ச்சி நடத்த விரும்பினால் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன் விசாரிக்கத் தொடங்குங்கள். நூலுக்கென்று தனி விழா வேண்டாம் என்றால், உங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் உங்கள் நூலை விற்கிற அரங்கிலேயே மாலையில் கால் மணி நேரத்தில் வெளியிட்டுவிடலாம். கூட்டம் தானாகவே இருக்கும், செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் அந்தச் சத்தத்தில் கதை சொல்ல முடியாது.

பள்ளிக்கூடத்தில் நடத்துவது என்றால் இரண்டு விஷயம். தனியார் பள்ளியில் தாளாளர் ஒப்புதல் போதும். அரசுப் பள்ளி வளாகம் என்றால் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் “சரி” என்பதை வைத்து அழைப்பிதழ் அடிக்காதீர்கள். வெளியார் நிகழ்ச்சிக்குக் கல்வி அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாவிட்டால், பின்னால் சிக்கலில் மாட்டுகிறவர் அந்தத் தலைமையாசிரியர்தான். அவர் வழியாகவே முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்து, மூன்று வாரமாவது அவகாசம் வையுங்கள்.

பூங்கா, மைதானம், தெரு என்று திறந்தவெளியில் மைக் வைத்தால் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. காவல் நிலையத்தில் ஒரு வாரம் முன்பே மனு கொடுத்துவிடுங்கள். சாலையோரத்தில் பதாகை வைக்க உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும். எனவே வைக்காதீர்கள். வளாகத்துக்குள் ஒரு துணிப் பதாகை போதும். தேதி போடாமல் அடித்தால் அடுத்த கதை நேரத்துக்கும் அதுவே உதவும்.

5. அழைப்பிதழும் பெயர்களும்

மனக்கசப்பு வருகிற இடம் இதுதான். பெயர் விட்டுப்போனது, பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய பட்டம் விட்டுப்போனது, அவர் பெயருக்குக் கீழே என் பெயரா என்று ஒவ்வொன்றும் ஒரு தொலைபேசி அழைப்பாக வந்து சேரும். முதல் விழாவில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பதினோரு பெயர் சேர்ந்தது இப்படித்தான். யாரையும் விட மனம் வரவில்லை.

இரண்டாம் முறை செய்தது இது. அழைப்பிதழில் வெளியிடுபவர், பெற்றுக்கொள்பவர், கதைசொல்லி, ஓவியர், எழுதியவர் என்று ஐந்தே பெயர். மற்ற பெரியவர்களுக்கு “உங்களோடு பிள்ளைகளை மகிழ்விக்க வருபவர்கள்” என்று ஒரே வரி, அகர வரிசையில். நேரில் போய், ஒவ்வொருவருக்கும் பேச்சுக்குப் பதிலாக ஒரு வேலையைக் கேட்டேன். வார்டு உறுப்பினர் புத்தகக் குறிகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா, படம் வரைந்த பிள்ளைகளோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. மைக்கில் ஐந்து நிமிடம் பேசுவதைவிட அது அவர்களுக்கே பிடித்திருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

பெயர்களை அச்சடிக்கும் முன் அவரவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, தலைப்பெழுத்து, பட்டம், பொறுப்பு எல்லாம் சரியா என்று பதில் வாங்கிவிடுங்கள். அழைப்பிதழ் நூறு போதும். மற்றவர்களுக்குப் படமாக அனுப்பலாம். பிள்ளைகளுக்கு மட்டும் அச்சிட்ட அழைப்பிதழை நேரில் கொடுங்கள், அவர்கள் பெயரை எழுதிக் கொடுங்கள். தன் பெயருக்கு ஓர் அழைப்பிதழ் வந்தால் வீட்டில் பெரியவர்களை அவர்களே இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். விழாவுக்குப் பத்து நாள் முன்பு கொடுங்கள், முந்தைய நாள் மாலை நினைவூட்டுங்கள்.

6. நிகழ்ச்சி நிரல்

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெரியவர்களின் நூல் வெளியீட்டு விழாவுக்கென்று ஒரு வடிவம் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் பிள்ளைகள் நூலுக்குப் போட்டதுதான் நான் செய்த தவறு. நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் ஏழு வயதுக்காரர்கள். அவர்களால் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது. அது அவர்கள் குற்றமும் இல்லை.

என் இரண்டாவது விழா நடந்த வரிசையை அப்படியே தருகிறேன்.

பத்து மணிக்கே கதவைத் திறந்துவிட்டோம். முதலில் வருகிற பிள்ளை கடைசியாக வருபவருக்காகக் காத்திருந்து சலித்துப்போகும். அதனால் ஜமக்காளத்தில் சார்ட் தாள்களும் கிரேயான்களும் பரப்பி, கதையில் வரும் ஆட்டுக்குட்டியை அவரவர் விருப்பப்படி வரையச் சொன்னோம். பத்தரை மணிக்குள் சுவர் நிறைந்துவிட்டது.

பத்தரைக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. ஒலிப்பதிவைப் போடாமல் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேரைப் பாட வைத்தோம். 55 வினாடிதான், இரண்டு முறை பயிற்சி கொடுத்தால் போதும். வரவேற்பு மூன்று நிமிடம்.

உடனே நூல் வெளியீடு. கடைசிக்குத் தள்ளாதீர்கள். வெளியிட்டவன் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுவன். கையெழுத்துப் பிரதியாக இருந்தபோதே கதையைக் கேட்டு, “ஆட்டுக்குட்டி ஏன் அம்மாகிட்ட கேக்காமப் போச்சு?” என்று கேட்டு ஒரு பக்கத்தையே மாற்ற வைத்தவன். பெற்றுக்கொண்டவர் கிளை நூலகர். மேடைக்கு வரும் பிரதிகளை வண்ணத் தாளில் சுற்றி டேப் ஒட்டாதீர்கள். முதல் விழாவில் ஒட்டிய டேப்பைப் பிரிக்க முடியாமல் மேடையில் எல்லாரும் கத்தரிக்கோல் தேடினோம். ஒரு ரிப்பனைப் பூமுடிச்சாகக் கட்டினால் போதும், குழந்தை ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடும். இதை முந்தைய நாள் அவனை வைத்து ஒருமுறை செய்து பாருங்கள்.

பிறகு கதை, இருபது நிமிடம். நல்ல கதைசொல்லி கிடைத்தால் அவருக்குக் கொடுக்கும் பணத்தில் கை வைக்காதீர்கள், விழாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முழுக் கதையையும் சொல்லிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவுக்கு முன் நிறுத்தினால், மீதியைப் படிக்க நூலைத் திறப்பார்கள். படங்களைப் புரொஜெக்டரில் காட்டுவதென்றால் பகல் வெளிச்சத்தில் திரையில் ஒன்றும் தெரியாது. ஆறு படங்களைப் பெரிய தாளில் அச்சிட்டு இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னோம், அது நன்றாகவே இருந்தது.

அடுத்து ஓவியர். அவர் எல்லார் கண்முன்னாலும் ஆட்டுக்குட்டியை மூன்று நிமிடத்தில் வரைந்து காட்டினார். அன்றைக்குப் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தது அதைத்தான்.

பெரியவர்கள் பேச்சு, இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். என் ஏற்புரை நான்கு நிமிடம், ஓவியருக்கும் அச்சகத் தொழிலாளர்களுக்கும் நன்றி சொன்னதோடு சரி. பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்கும் நேரம். பொன்னாடை கிடையாது. வந்த பெரியவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி, அவ்வளவுதான். முதல் விழாவில் பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் போன 7,000 ரூபாய்க்கு எழுபது பிரதிகளை அரசுப் பள்ளி நூலகங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

இருக்கையைப் பொறுத்தவரை, முன்னால் ஜமக்காளத்தில் பிள்ளைகள், பின்னால் நாற்காலிகளில் பெரியவர்கள். முதல் வரிசை நாற்காலியைப் பிரமுகர்களுக்கு ஒதுக்கினால் குழந்தைகள் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

புகைப்படம் எடுப்பதற்கு ஒரு வார்த்தை. வாசலில் பெயர் பதியும்போதே, பிள்ளையின் படத்தைப் பொதுவில் பகிரலாமா என்று பெற்றோரிடம் கேட்டு ‘ஆம்’, ‘இல்லை’ குறித்துக்கொள்ளுங்கள். ‘இல்லை’ என்றவர்களின் பிள்ளைக்குச் சட்டையில் ஒரு மஞ்சள் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டினோம். படம் எடுப்பவருக்கு அது போதுமான அடையாளம்.

7. தின்பண்டம்

நூலைப் பார்த்து முடித்த பிறகுதான் தின்பண்டம். எண்ணெய்க் கையோடு வண்ணப் பக்கங்களைப் புரட்டினால் மேசையில் உள்ள மாதிரிப் பிரதிகள் எல்லாம் வீணாகும். கை கழுவத் தண்ணீரும் துண்டும் விற்பனை மேசைக்கு முன்னால் இருக்கட்டும்.

சுண்டல், வாழைப்பழம், எலுமிச்சைச் சாறு. இவ்வளவு போதும். கடலை மிட்டாய் கொடுத்தால் நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப், தட்டு எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. கடையில் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். நூலகத்திலும் பள்ளியிலும் உள்ளே விடமாட்டார்கள். பாக்குமட்டைத் தொன்னையும், பாத்திர வாடகைக் கடையில் எடுத்த எவர்சில்வர் டம்ளரும் போதுமானவை. டம்ளரை எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுங்கள்.

8. விற்பனை மேசை

நூலின் விலையைச் சில்லறை தேடாத எண்ணாக வையுங்கள். நான் 95 என்று அச்சிட்ட நூலுக்கு ஐந்து ரூபாய் நாணயம் கிடைக்காமல் வரிசை நின்றது. அடுத்த நூலுக்கு 100 என்று வைத்தேன். கியூஆர் அட்டை இரண்டு இடத்தில் இருக்கட்டும். நூலகக் கட்டடத்துக்குள் சிக்னல் வருகிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். விற்பனைக்கு நீங்கள் உட்காராதீர்கள். கணக்கு தெரிந்த ஒருவரை உட்கார வைத்து, கொண்டுவந்த பிரதி, விற்றது, இலவசம், மீதி என்று நான்கு கட்டம் போட்ட தாளைக் கொடுத்துவிடுங்கள்.

காசில்லாமல் வருகிற பிள்ளைகளும் இருப்பார்கள். மேசையை ஏக்கத்தோடு பார்த்து நிற்கிற குழந்தையை வெறுங்கையோடு அனுப்ப என்னால் முடியாது. அதற்கென்றே இருபது பிரதிகளைத் தனியாக வைத்தோம். படம் வரைந்ததற்குப் பரிசு என்று சொல்லிக் கொடுத்தோம்.

கையெழுத்துப் போட ஜெல் பேனா வேண்டாம். ஆர்ட் தாளில் காயாமல் ஈஷிக்கொள்ளும். மெல்லிய முனையுள்ள பெர்மனென்ட் மார்க்கரை அதே தாளில் சோதித்துப் பார்த்து எடுத்துப் போங்கள். பிள்ளையின் பெயரைத் துண்டுத் தாளில் எழுதி வரிசையில் நிற்கும்போதே கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ‘ஸ்ரீ’யா ‘சிறீ’யா, ‘ஷ’வா ‘ச’வா என்று கேட்டுக்கொண்டிருந்தால் வரிசை நகராது. பெயரைத் தப்பாக எழுதிய நூலை ஒரு குழந்தை எத்தனை வருடம் வைத்திருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

9. எனக்கு ஆன செலவு

இரண்டாவது விழாவின் கணக்கு இது. தனியார் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஹாலை வாடகையின்றிக் கொடுத்தார்கள். சுத்தம் செய்யவும் மின்சாரத்துக்கும் 1,000 கொடுத்தோம். மைக் செட் 2,500. ஜமக்காளம், நாற்பது நாற்காலி, மூன்று மேசை 900. அழைப்பிதழ் 1,200. துணிப் பதாகை 1,100. தொண்ணூறு பேருக்குத் தின்பண்டம் 3,600. கதைசொல்லிக்குப் பயணச் செலவும் மதிப்பூதியமும் 4,000. சார்ட், கிரேயான், புத்தகக் குறி 1,400. புகைப்படம் 2,000. ஆட்டோ, ரிப்பன், ஸ்டிக்கர் போன்ற சில்லறைச் செலவு 800. ஆக மொத்தம் 18,500 ரூபாய். முதல் விழாவுக்கு 41,000 ஆனது.

83 பிரதிகள் விற்றன. 24 பக்க வண்ண நூலுக்கு, 500 பிரதி அடித்ததில், பிரதிக்கு 52 ரூபாய் அடக்கம். அதைக் கழித்தால் கையில் நின்றது நான்காயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே விழாச் செலவை விழா விற்பனை ஈடுகட்டும் என்று நினைத்துக் கடன் வாங்காதீர்கள். ஆனால் அன்று வந்திருந்த இரண்டு ஆசிரியர்கள் வழியாக அடுத்த மாதத்தில் நூற்றுப்பத்து பிரதிகள் பள்ளிகளுக்குப் போயின.

10. விழா முடிந்த முப்பது நாளுக்குள்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியீட்டாளர் தன் செலவில், நூல் வெளியான முப்பது நாளுக்குள், கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம், மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஆளுக்கொரு பிரதி அனுப்ப வேண்டும். குறையில்லாத நல்ல பிரதியாக இருக்க வேண்டும். ஒட்டிப்போன பக்கமுள்ள பிரதியை அனுப்பக் கூடாது. அஞ்சல் ரசீதுகளை நூலின் கோப்பிலேயே வையுங்கள். சொந்தப் பதிப்பு என்றால் வெளியீட்டாளர் நீங்கள்தான், இதைச் செய்ய வேண்டியவரும் நீங்கள்தான்.

அதே வாரத்தில் சிறார் இதழ்களுக்கு இரண்டிரண்டு பிரதிகள் மதிப்புரைக்கு அனுப்புங்கள். உறைக்குள் நூலின் விலை, பக்கம், வயது, கிடைக்குமிடம் எழுதிய ஒரு சிறு தாள் இருக்கட்டும்.

வாடகைக்கு எடுத்த டம்ளர், ஜமக்காளம் திரும்பிப் போனதா என்று பார்த்து ரசீதுகளை ஒரே உறையில் போடுங்கள். சுவரில் ஒட்டிய படங்களைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். நாங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் பெயரும் வகுப்பும் எழுதி வாங்கியிருந்தோம். திங்கட்கிழமை பள்ளி விடும் நேரத்துக்குப் போய், அவரவர் வரைந்த ஆட்டுக்குட்டியை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தோம். மூன்று படங்களில் பெயர் இல்லை. அவை என் வீட்டுச் சுவரில் இருக்கின்றன.